முன்னறையில் கிடந்த கால்கவசம்

மனோலிஸ் ஆன்ட்ரோனிகோஸ் 1977-ல் வட கிரேக்கத்தின் வெர்கினாவில், பெரிய மண்மேட்டுக்கு அடியில் கொள்ளைபோகாத கல்லறை ஒன்றைத் திறந்தார். உள்ளே தங்கப் பேழை, மூடியில் 16 கதிர்கொண்ட நட்சத்திரம், பேழைக்குள் எரியூட்டப்பட்ட ஓர் ஆணின் எலும்புகள். அலெக்ஸாண்டரின் அப்பா இரண்டாம் பிலிப்தான் இது என்றார். வெர்கினாதான் மாசிடோனியாவின் பழைய தலைநகர் ஐகை. கி.மு. 336-ல் மகளின் கல்யாண விழாவில் பிலிப் குத்திக் கொல்லப்பட்ட ஊர்.

கல்லறை பிலிப்புடையதல்ல, அலெக்ஸாண்டரின் மாற்றாந்தாய் மகனான அர்ரிடேயஸுடையது என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. நாற்பது வருஷத்துக்கும் மேலாகச் சண்டை ஓயவில்லை. யார் ஜெயித்தாலும் எனக்குச் சரிதான். என் வருத்தம் வேறு: பெயர் வந்ததும் பொருள்கள் தங்கள் பேச்சை நிறுத்திவிடுகின்றன.

கால்கவச ஜோடியையே எடுத்துக்கொள்வோம். இடது கவசம் வலதைவிடக் குட்டை. பிலிப்போ காலில் காயம்பட்டு நொண்டியவர். பொருந்திவிட்டது! ஆனால் கவசங்கள் கிடைத்தது மன்னனின் அறையில் அல்ல, முன்னறையில். அங்கே தனிப் பேழையில், பொன்னும் ஊதாவும் கலந்து நெய்த துணியில் சுற்றப்பட்டு இருந்தவை ஒரு பெண்ணின் எலும்புகள். பக்கத்திலேயே பொன்தகடு போர்த்திய அம்பறாத்தூணி. ஆயுதம் என்றால் ஆணுடையது, முன்னறை அவருடைய சாமான் அறை என்று எளிதாக முடித்துவிட்டார்கள்.

2015-ல் வந்த ஓர் ஆய்வு அந்தப் பெண்ணின் இடது கீழ்க்கால் எலும்பில் முறிவின் தடயத்தைக் கண்டது. கவசம் அவளுடையது என்றானது. சரி, இப்போதாவது அவளைப் பார்ப்பார்கள் என்று நினைத்தால், அதே ஆய்வு அவளை ஸ்கைதிய இளவரசியாக்கி, பிலிப்பின் மனைவிகளில் ஒருத்தியாகச் சேர்த்துவிட்டது. அதே ஆண்டில் இன்னொரு ஆய்வு பக்கத்துக் கல்லறையில் ஒட்டிப்போன முழங்கால் எலும்பைக் காட்டி, பிலிப் இங்கேதான் இருக்கிறார் என்றது. மறுபடியும் பிலிப்!

ஆயுதம் ஏந்திய பெண் மாசிடோனிய அரசவைக்கு அந்நியமும் அல்ல. பிலிப்பின் மகள் கினானே போர்க்களம் கண்டவள். தன் மகளுக்கும் போர்ப்பயிற்சி கொடுத்தாள் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. அந்த மகள்தான் அர்ரிடேயஸின் மனைவி. வேட்டை, விருந்து, பல மனைவியர், வாரிசுக்காக நடந்த கொலைகள் எல்லாம் கலந்த அந்த அரசவையில் பெண்களும் ஆட்டக்காரர்களே.

இந்தக் கல்லறையைப் பற்றி அடுத்து எழுதுபவர் முன்னறையிலிருந்து தொடங்கட்டும். மன்னரின் பெயர் கொஞ்சம் காத்திருக்கலாம்.