பெயர் தாங்காத பொற்கோடு

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்தவர் இராஜாஜி. அவர் பிறந்த இல்லம் இன்று நினைவகமாக விளங்குகிறது. கையால் நூற்பதை அறமாகவே போற்றிய அவர், 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவிக் கதர்த் தொழிலை வளர்த்தார். அவர் பிறந்த மண்ணைச் சுற்றியோ இன்று ஆலைகள் நிறைந்துள்ளன. 1980-இல் முதல் டி.வி.எஸ். 50 வண்டி ஓசூர் ஆலையிலிருந்து வெளிவந்தது. அன்று தொட்டு இரு சக்கர வாகனம் இப்பகுதியின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. இயந்திரத்தின் இடையே கைக்கு இடம் உண்டா என்னும் வினா இவ்வூரில் எழுவது இயல்பே. அதற்கு விடை தேட, நம் மாநிலத்தில் வளர்ந்த மற்றொரு வண்டியைச் சற்றே நோக்குவோம்.

1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூர் ஆலையில் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் உருவாயின. இங்கிலாந்திலிருந்த தாய் நிறுவனம் 1970-களின் தொடக்கத்திற்குள் மறைந்துவிட, புல்லட் நம் மண்ணில் நிலைத்தது. அதன் பெட்ரோல் தொட்டியின் மேல் ஓடும் பொன்னிறக் கோடு பலருக்கும் பழக்கமானது. அக்கோட்டைக் கையால் தீட்டும் வழக்கமும் அங்கு நிலைத்தது. 2023 செப்டம்பரில் வெளிவந்த புதிய புல்லட் 350-இன் வகைகளிலும் கையால் தீட்டிய கோடு இடம்பெற்றது.

அளவுகோல் இல்லை, ஒட்டுநாடா இல்லை. நீண்ட மயிருடைய மெல்லிய தூரிகை வண்ணத்தில் தோய்கிறது. தொட்டியின் வளைவைக் கண்ணால் அளந்து, கையை நடுங்கவிடாமல் ஒரே இழுப்பில் கோடு போடுகிறார் தொழிலாளர். அக்கோட்டின் அழகு அதன் அடக்கத்தில் இருக்கிறது. அது கதை சொல்வதில்லை. உருவம் எதையும் காட்டுவதில்லை. இரும்புத் தகட்டின் வடிவத்தை நம் கண்ணுக்கு விளக்கிக் காட்டுவதே அதன் பணி. கூர்ந்து நோக்கின், வளைவில் கோடு மயிரிழை அளவு தடித்து மீண்டும் மெலிவதைக் காணலாம். அச்சிட்டு ஒட்டும் பட்டையில் இந்த உயிர்ப்பைக் காண இயலாது.

இனி உலக அரங்கை நோக்குவோம். 1975 முதல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் புகழ்பெற்ற ஓவியர்களைக் கொண்டு தன் கார்களை வண்ணந்தீட்டச் செய்து வருகிறது. முதலாவதற்கு வண்ணக்கோலம் வகுத்தவர் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர். 1979-இல் ஆண்டி வார்ஹோல் தம் கையாலேயே ஒரு பந்தயக் காரின் மேல் வண்ணம் பூசினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் அரைமணிக்கும் குறைவு. அக்கார் அதே ஆண்டு லெ மான் பந்தயத்தில் ஓடி ஆறாவதாக வந்தது. இன்று அதைக் கலைச்செல்வமாகப் பாதுகாக்கின்றனர். அதன் துணிவையும் வேகத்தையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் ஓர் ஐயம் எழாமலில்லை: அரைமணி நேரத்தில் பூசிய வண்ணம் கலையாகவும், ஆண்டுக்கணக்கில் பழகிய கையின் கோடு வெறும் வேலையாகவும் எண்ணப்படுவது ஏன்?

ஒரே கோட்டைத் திரும்பத் திரும்பப் போடுவது கலையாகுமா எனச் சிலர் வினவலாம். நம் இல்லங்களின் வாசலில் நாள்தோறும் மலரும் கோலத்தை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். புள்ளிகளும் சுழிகளும் பழையவையே. இழுக்கும் விரலின் கவனம் அன்றாடம் புதியது. திரும்பச் செய்வதால் கலை குறைவதில்லை. கவனம் தளரும்போதுதான் குறைகிறது.

எனினும் கோலத்துக்கும் இக்கோட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கோலம் விலைக்கு வருவதில்லை, இக்கோடு வருகிறது. 'கையால் தீட்டியது' என்னும் சொல் விற்பனைக்குத் துணை நிற்கிறது. தொட்டியில் நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. கோடு தீட்டியவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. வார்ஹோலோ தம் காரில் கையொப்பமிட்டார். கையைப் போற்றி, கைக்குரியவரை மறப்பது அரைகுறைப் பாராட்டே அன்றோ? கையால் செய்தது என்பதற்காகவே ஒரு பொருளைப் புனிதமாக்கிவிடுவதும் தகாது. வாழ்நாள் முழுவதும் ஒரே கோட்டுக்குள் தம் திறமையை அடக்கிக்கொள்ளும் தொழிலாளிக்கு, வேறொன்றையும் வரைந்து பார்க்கும் வாய்ப்பு வேண்டாமா என்றும் நாம் கேட்டாக வேண்டும்.

கதரின் மதிப்பு நூலின் நேர்த்தியோடு முடிந்துவிடவில்லை. நூற்றவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதையும் அது உள்ளடக்கியிருந்தது. பொற்கோட்டையும் அதே உரைகல்லில் வைத்தே மதிப்பிடல் வேண்டும். அதன் நேர்த்தி கலையே என்பதில் நமக்கு ஐயமில்லை. தீட்டியவருக்கு உரிய கூலியும், உரிய பெயரும், பயிலும் இளைஞருக்கு அக்கைத்திறனைக் கற்றுத்தரும் ஏற்பாடும் அமையுமாயின் அப்பாராட்டு நிறைவு பெறும். தொரப்பள்ளிச் சாலையில் அத்தகைய வண்டியொன்று நம்மைக் கடந்து செல்லும்போது, ஓட்டுபவரைக் காணும் நம் கண்கள் அக்கோட்டையும் ஒரு கணம் காணட்டும்.