தொற்றுநோயும் தமிழ் நூல்களும்: கண்டதும் கருதியதும்

விருதுநகர் மாவட்டத்தில், திருவில்லிபுத்தூருக்கு வடக்கே, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் மகாராஜபுரம். வத்திராயிருப்பிலிருந்து சதுரகிரிக்குச் செல்வோர் இப்பக்கத்து வழியே தாணிப்பாறையை அடைந்து மலையேறுவர். ஆடி அமாவாசையில் இவ்வழியிற் செல்லும் மக்கள் தொகை மிகப் பெரிது. மலைப்பக்கத்தில் தோன்றும் அருச்சுனை ஆறு கிழக்கே சென்று இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலக்கின்றது. அக்கூடலில் மாரியம்மன் கோயில் கொண்டுள்ளாள். திருவில்லிபுத்தூர்ப் பெரிய மாரியம்மனுக்குப் பங்குனியில் பூக்குழி விழா நிகழ்கின்றது. மலைச்சாரல், மழையை நம்பிய நிலம், நீர்நிலை, திருக்கூட்டம், மாரி வழிபாடு ஆகிய ஐந்தும் ஒருங்கே அமைந்த இந்நிலப்பகுதி, தொற்றுநோயைப் பற்றித் தமிழ் நூல்கள் கூறுவனவற்றை ஆராய்வார்க்கு ஏற்றதொரு களமாகும்.

இப்பொருள் பற்றி எழுதுவோர் இருவகையினர். நம் முன்னோர் நோயின் காரணம் அறியாராய்த் தெய்வத்தின்மேல் ஏற்றி மாண்டனர் என்பார் ஒரு சாரார். வேப்பிலையும் மஞ்சளும் கொண்டு முன்னோர் நுண்ணுயிரை வென்றனர், இன்றைய அறிவியல் அதனைப் பின்னரே கண்டது என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் நூல்களை ஊன்றிப் படியாமையால் எழுந்தவை என்பது நம் கருத்து. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் பெரும்பாலும் உணவின் அளவையே பேசுகின்றார்; தொற்றைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. எனினும், மருத்துவன் முதலில் பிணி இன்னதெனத் தெளிந்து, அடுத்து அது தோன்றிய காரணம் நாடி, அதன்பின் நீக்கும் வழியை ஆராய வேண்டும் என அவர் வகுத்த முறை திறனாய்வாளனுக்கும் பொருந்தும். ஒரு நூல் கண்டது யாது, அதற்குக் காரணமாகக் கருதியது யாது, அக்கருத்தால் மக்கள் செய்தது யாது என மூன்றாகப் பகுத்து நோக்கின், மேற்கூறிய இரு சாராரும் எங்கே வழுவினர் என்பது விளங்கும்.

1. சிலப்பதிகார உரைபெறு கட்டுரை

பாண்டிய நாட்டு நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குவோம். சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை இளங்கோவடிகள் வாக்கோ, பிற்காலத்தார் சேர்த்ததோ என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுவர். யார் எழுதியதாயினும் அதன் செய்தி தெளிவானது. கண்ணகியின் துயருக்குப் பின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது; வறுமை வந்தது; வெப்புநோயும் குருவும் தொடர்ந்தன. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று, விழவெடுத்துச் சாந்தி செய்தான். மழை பெய்தது, நோயும் துன்பமும் நீங்கின.

ஈண்டுக் குரு என்பது கொப்புளம். வேர்க்குரு என்னும் வழக்கில் இச்சொல் இன்றும் வாழ்கின்றது. காய்ச்சலும் கொப்புளமும் சேர்ந்து கூறப்படுதலால் இதனைப் பெரியம்மை எனச் சிலர் துணிவர். ஒரு சொல்லை மட்டும் சான்றாகக் கொண்டு அவ்வாறு துணிதல் பொருந்தாது. ஆயினும் கட்டுரையாசிரியர் வைத்த வரிசை நோக்கற்பாலது. மழையின்மை முதலாவது, வறுமை இரண்டாவது, நோய் மூன்றாவது. நோய் வானத்திலிருந்து திடீரென விழவில்லை. பஞ்சத்தின் பின்னே வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது ஆண்டுப் பஞ்சத்திலும் இவ்வரிசையே அமைந்தது. பசியால் இறந்தோரோடு காலராவாலும் அம்மையாலும் காய்ச்சலாலும் இறந்தோர் எண்ணற்றோர். கிணறுகள் வற்ற, எஞ்சிய ஒரு குட்டையையே மாந்தரும் மாடும் நாடின. உணவின்றி உடல் தளர்ந்தது. ஊர்விட்டு ஊர் சென்றோர் கஞ்சித் தொட்டிகளில் நெருங்கித் தங்கினர். நோய் பரவுதற்கு இவற்றினும் வாய்ப்பான நிலை வேறில்லை. ஆகவே உரைபெறு கட்டுரை கண்டது உண்மை.

கருதியதோ தெய்வத்தின் சினம். செய்ததோ கொலை. ஒரு பொற்கொல்லன் செய்த குற்றத்திற்கு ஆயிரம் பொற்கொல்லர் உயிரிழந்தனர். இப்பகுதியைக் காவியத்தின் நீதி என்று கூறிக் கடந்துசெல்லல் நம்மால் இயலவில்லை. கொள்ளைநோய் வருங்காலத்து ஒரு கூட்டத்தாரைக் குற்றவாளியாக்கித் தீர்வு காண முயலுதல் ஒரு நாட்டிற்கோ ஒரு காலத்திற்கோ உரியதன்று. 1348, 1349ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியபோது, கிணற்றில் நஞ்சிட்டனர் என்று பழிசுமத்தி யூதரைக் கொன்றனர். 2020 ஏப்ரலில் சென்னையில், பெருந்தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாது ஒரு கூட்டம் தடுத்தது. நோய்முதல் அறியாத அச்சம், ஆளை முதலாகக் கொள்ளும். அறிந்த பின்னும் அச்சம் அறிவை முந்துமாயின் அதுவே செய்யும். இக்கட்டுரைப் பகுதி நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவாகும்.

2. பெரியபுராணம் கூறும் பனிநோய்

சேக்கிழார் காட்டுவது வேறொரு காட்சி. திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில், அஃதாவது இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது உடனிருந்த அடியார்களைக் குளிர்காய்ச்சல் பற்றியது. இஃது அந்நிலத்திற்கும் அப்பருவத்திற்கும் இயல்பு என்பது அங்கே பேசப்படுகின்றது. அவ்வாறாயினும் நம்மை அஃது அடைதல் ஆகாது என்ற கருத்துப்படச் சம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார், காய்ச்சல் நீங்கிற்று.

இந்நோய் மலேரியாவாகலாம் என இக்காலத்தார் எண்ணுதல் இயல்பே. அதனை உறுதி செய்ய வழியில்லை. ஆயினும் நோயை நிலத்தோடும் பருவத்தோடும் சேர்த்துக் காணும் பார்வை இங்கே உள்ளது. அதிலும் நுட்பமானது, புதிதாக வந்த அடியார்க்கு நோய் கண்டது என்பதாகும். ஒரு நோய் நிலையாக வழங்கும் நிலத்தில் வாழ்வோர்க்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் அமையும். வெளியூரார் உடனே வீழ்வர். மலேரியாவின் இயல்பும் அதுவே. இவ்வளவும் கண்டறிந்த காலத்தில், நிலத்திற்கும் உடலுக்கும் இடையே நோயைச் சுமந்து செல்வது யாது என்னும் வினா மட்டும் விடையின்றி நின்றது. 1880இல் லவெரான் நோயாளியின் குருதியில் அவ்வுயிரைக் கண்டார். 1897இல் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் அதனைக் கண்டார். அன்று முதல் தேங்கிய நீரை அகற்றுதலும் கொசுவலை கட்டுதலும் தடுப்பு முறைகளாயின.

‘இயல்பு’ என்னும் சொல் இருமுகம் உடையது. ஒருபால் அது கூர்ந்த கவனிப்பு. மற்றொருபால் விதி என்று கைவிடுதல். சம்பந்தர் கவனிப்பை ஏற்றார், கைவிடுதலை ஏற்கவில்லை. அவர் நாடியது பதிகம். நாம் நாடுவது கொசு ஒழிப்பு. வழி வேறாயினும், நிலத்தின் இயல்பென்று அடங்கியிராத அவ்வுள்ளமே நோய்த்தடுப்பிற்கு முதற்படி. மலையடிவாரத்து ஊர்களில் மழைக்காலந்தோறும் காய்ச்சல் வருவது வழக்கந்தானே எனக் கூறுவார்க்கு இப்பகுதியை நாம் நினைவூட்டலாம்.

3. மாரியம்மன் தாலாட்டு

அம்மை கண்டார் அருகிருந்து பாடப்பெறும் மாரியம்மன் தாலாட்டு, புலவர் அவையில் இடம்பெறாத நூல். பெரிய எழுத்துப் பதிப்பாகச் சந்தைகளில் விற்கப்பட்டு, எழுதப்படிக்க அறியாதாராலும் மனப்பாடமாகப் பாடப்பட்டது. கொப்புளத்தை முத்து என்றழைத்தல் அதன் மரபு. அம்மன் இட்ட முத்தை அவளே இறக்க வேண்டும் என வேண்டுவது அதன் பொருள்.

உச்சி, முகம், கழுத்து, தோள், மார்பு எனத் தொடங்கிப் பாதம்வரை உறுப்புறுப்பாகப் பெயர் கூறி முத்தை இறக்குமாறு பாடல் செல்லும். இது கேசாதிபாதம் என்னும் பழைய யாப்பு மரபைத் தழுவியது எனலாம். அதனை மறுக்கவில்லை. ஆயினும் பெரியம்மைக் கொப்புளம் முகத்தில் முதலில் தோன்றிக் கைகால்களில் மிகுந்து நிற்கும் என்பதையும், தட்டம்மைத் தடிப்பு முகத்திலிருந்து கீழே இறங்கும் என்பதையும், சின்னம்மை மார்பிலும் முதுகிலும் மிகுதல் அதனினும் வேறானது என்பதையும் மருத்துவர் கூறுவர். பாடலின் வரிசை முதலிரண்டிற்கும் பொருந்துகின்றது. மூன்றாவதற்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. நோயாளி அருகில் இரவெல்லாம் விழித்திருந்த பெண்டிர் பாடிய பாட்டில் நோயின் நடை பதிந்திருத்தல் வியப்பன்று.

முத்து என்ற பெயரின் பயன் யாது? உருச்சிதைந்த உடலை அருவருத்து ஓடாமல், அருகிருந்து பேணச் செய்தது அது. அம்மை கண்டவரைத் தெய்வம் ஏறியவராக எண்ணியமையால் குடும்பத்தார் அவரைத் தெருவில் எறியவில்லை. இதனை இழிவாகப் பேசுவார் மாந்தநேயத்தை அளக்க அறியாதார். அதே பெயர் மறுபுறம் செய்த தீங்கும் உண்டு. வந்தது தெய்வமாயின் மருத்துவனை அழைப்பது குற்றம்; அம்மை குத்திக்கொள்வது அதனினும் பெருங்குற்றம். 1798இல் ஜென்னர் தம் முறையை வெளியிட்டார். 1802இல் அது பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. ஆயினும் அதன்பின் நூறாண்டு கடந்தும் எத்தனையோ வீடுகளின் கதவுகள் அதற்குத் திறக்கவில்லை.

4. வழக்கங்களை அளத்தல்

இனி வழக்கங்களைத் தனித்தனியே அளப்போம். அளவுகோல் ஒன்றே: நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குச் செல்லும் வழியை அவ்வழக்கம் அறுக்கின்றதா, அன்றி அகலமாக்குகின்றதா?

வாயிலில் வேப்பிலை செருகுதல், உள்ளே நோயாளி உண்டு என அறிவிக்கும் குறி. அயலார் நுழையார், வீட்டாரும் பிற வீடு செல்லார். இது வழியை அறுக்கின்றது. ஆனால் அறுப்பது குறியேயன்றி இலையன்று. 2020இல் நோயாளி இல்லாத வீடுகளிலும் வேப்பிலை கட்டப்பட்டதையும், தெருக்களில் மஞ்சள்நீர் தெளிக்கப்பட்டதையும் பல ஊர்களில் கண்டோம். குறியின் பொருள் மறைந்து இலை மட்டும் எஞ்சிற்று. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே வாராதிருத்தல் மற்றொன்று. பெரியம்மைப் பொருக்கு முற்றும் உதிரும்வரை தொற்றும் தன்மை உண்டு. ஆதலின் நெடுநாள் உள்ளிருத்தல் நல்வழக்கே. விழாவிற்குக் காப்புக் கட்டியபின் ஊரார் வெளியூரில் இரவு தங்கலாகாது என்பதும் நோயை ஊரெல்லைக்குள் நிறுத்த உதவியிருக்கலாம்.

மறுபுறம் காண்போம். அவ்விழாவே பல ஊர் மக்களை ஓரிடத்திற் கூட்டுகின்றது. 1817இல் வங்கத்தில் எழுந்த காலரா படையோடும் வணிகரோடும் யாத்திரிகரோடும் நாடெங்கும் சென்றது. அது நீர்வழி பரவுவது என்பதை 1854இல் இலண்டனில் ஜான் ஸ்நோ காட்டினார். அதன் கிருமியை 1884இல் கல்கத்தாவில் காக் உறுதிப்படுத்தினார். மேலே ஓரூரார் கால் கழுவிய ஆற்றில் கீழே மற்றோர் ஊரார் ஊற்றுத் தோண்டிக் குடிக்கும் நிலையில், வேப்பிலை என்ன செய்யும்? நோயாளியைக் காணச் சுற்றத்தார் திரளுதலும் அத்தகையதே. உ. வே. சாமிநாதையர், தம் மாணவப் பருவத்தில் பெரியம்மை கண்டபோது திருவாவடுதுறையிலிருந்து தாயின் ஊராகிய சூரியமூலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட செய்தியை ‘என் சரித்திர’த்தில் எழுதியுள்ளார். உற்றார் பேணியமையால் அவர் பிழைத்தார்; தமிழ் பிழைத்தது. ஆயினும் அன்பு செல்லும் வழியே தொற்றும் செல்லும் வழி என்பதை இந்நிகழ்ச்சியைப் படிப்போர் உணராதிருத்தல் அரிது. அன்பை அறுக்காமல் தொற்றை மட்டும் அறுத்தல் எவ்வாறு என்பதே நோய்த்தடுப்பின் முழு வினாவாகும்.

அவ்வினாவிற்குப் பெரியம்மை ஒழிப்பு விடை கூறிற்று. பணியாளர் வீடுவீடாகச் சென்று, நோயாளியின் படத்தைக் காட்டி வினவினர். நோய் கண்ட வீட்டைக் கண்டறிந்து, அதனைச் சூழ்ந்தவர்க்கெல்லாம் அம்மை குத்தினர். 1975இல் நோயாளியைக் காட்டிக் கொடுப்போர்க்கு 1000 ரூபாய்ப் பரிசு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டே இந்தியாவில் அந்நோய் இறுதியாகக் கண்டது. 1980இல் உலகினின்றே ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. வேப்பிலைக் குறி செய்த வேலையும் இதுவே: நோய் இங்கே உளது என அறிவித்தல். குறியோடு காரண அறிவும் தடுப்பூசியும் சேர்ந்தபோது நோய் அழிந்தது.

5. அம்மை என்னும் ஒரு சொல்

நோய் அழிந்தது, சொல் அழியவில்லை. பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, அம்மைக்கட்டு எனத் தனித்தனி நோய்கள் ஒரே பெயரால் வழங்கப்படுகின்றன. பேச்சில் ‘அம்மை போட்டிருக்கிறது’ என்றால் எதுவென வினவுவார் இல்லை. பெயர் ஒன்றாயின் செயலும் ஒன்றாகின்றது: வேப்பிலை, இளநீர், காத்திருத்தல். தட்டம்மையோ காற்றில் பரவுவது. எதிர்ப்பாற்றல் இல்லாதார் நடுவே ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர்வரை தொற்ற வல்லது. நுரையீரல் அழற்சியால் குழந்தைகளைக் கொல்வதும், கண்ணொளி பறிப்பதும் உண்டு. இந்தியாவில் 9 முதல் 12 திங்களுக்குள் ஒருமுறையும், 16 முதல் 24 திங்களுக்குள் மறுமுறையும் இதற்குத் தடுப்பூசி இடப்படுகின்றது. நூற்றுக்கு 95 குழந்தைகளேனும் இருமுறையும் பெற்றாலன்றி ஊர் காக்கப்படாது. ‘அம்மைதானே, தானே இறங்கிவிடும்’ என்னும் ஒரு சொற்றொடர் இத்தடுப்பு முழுவதையும் தளர்த்த வல்லது. சொற்களைப் பகுத்து விளக்குதல் அகராதியாளர் கடன் மட்டுமன்று. உயிர் காக்கும் பணியும் ஆகும். தமிழ்த் துறையினர் இதில் மருத்துவர்க்குத் துணை நிற்கலாம்.

முடிவுரை

உரைபெறு கட்டுரை பஞ்சத்தையும், பெரியபுராணம் நிலத்தையும் பருவத்தையும், தாலாட்டு நோயின் நடையையும் கண்டன. மூன்றிலும் கண்டது மெய். கருதியது அவ்வக் காலத்து அறிவின் எல்லை. செய்தவற்றுள் கொள்ளத்தக்கனவும் உண்டு, தள்ளத்தக்கனவும் உண்டு. வெட்கத்தக்கதும் ஒன்று உண்டு. முன்னோரைப் பழித்தலும் அவர்க்கு இல்லாத அறிவை ஏற்றிப் புகழ்தலும் அவர்தம் நூல்களுக்குச் செய்யும் தீங்கே.

ஆடியில் மகாராஜபுரத்துப் பக்கம் செல்லும் அடியார் கூட்டம் இனியும் செல்லும். வழிநெடுகத் தூய குடிநீரும் கழிப்பிடமும் அமைத்தல், அடிவாரத்தில் நீர் தேங்காது காத்தல், குழந்தைகட்கு உரிய காலத்தில் தடுப்பூசி இடுதல், காய்ச்சல் கண்டவர் அவ்வாண்டு மலையேறாது வீட்டிலேயே இருந்து வணங்குதல் ஆகியவை இன்றைய காப்புக் கட்டுதல் ஆகும். காப்பு என்னும் சொல்லின் பொருளும் அதுவே.