கறுப்புக் கோட்டும் காணாமற்போன பெயர்களும்

புகலிடத்தில் நாற்பது வருடங்களாக அரசியல் கதைத்துவரும் எங்களில் பலருக்கு ஒரு விடயம் இன்னும் கைவரவில்லை. ரிக்கற் வாங்கிக்கொண்டு போய், ஓரிரவு இருந்து சிரித்துவிட்டு வருவதற்கும் நாங்கள் காரணம் கேட்கிறோம். பேர்லினில் மக்ஸ் ராபேயும் அவரது பலாஸ்ற் ஓர்க்கெஸ்ரரும் நடத்திய நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்து நான் உற்சாகமாகக் கதைத்தபோது நண்பரொருவர் கேட்டார்: “வெள்ளைக்காரர் கோட்டுப் போட்டுக்கொண்டு தங்கட பாட்டன் காலத்துப் பகிடியைப் பாடினால் உமக்கு என்ன?”

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. அன்றிரவு பதில் சொல்ல முடியாமல் போனதால்தான் இதை எழுத நேர்ந்தது.

முதலில் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். மேடையில் பன்னிரண்டு இசைஞர்கள். ஆண்களெல்லோரும் மாலைநேரக் கறுப்புக் கோட்டு அணிந்து, தலைமயிரை எண்ணெய் தடவிப் படிய வாரியிருப்பார்கள். ஒரேயொரு பெண், வயலினுடன். ராபே பியானோவில் ஒரு கையை ஊன்றியபடி நிற்பார். முகத்தில் அசைவே இருக்காது. ஜேர்மன் ‘ர’கரத்தை உருட்டி உருட்டி, ஒரு பிரேதப் பரிசோதகர் அறிக்கை வாசிக்கிற தொனியில் காதலைப் பற்றி இரண்டு வசனம் சொல்வார். சபை சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார். பிறகு பழைய கிராமபோன் இசைத்தட்டிலிருந்து வருவதுபோன்ற, கொஞ்சம் மூக்கால் வரும் குரலில் பாடுவார். பாட்டு முடிந்ததும் ஒதுங்கி நின்று, வாத்தியக்காரர் வாசிப்பதை அந்நியர் ஒருவரைப்போலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இக்குழு 1986இல் மேற்குப் பேர்லினின் கலைகளுக்கான உயர்கல்லூரி மாணவர்களால் தொடங்கப்பட்டது. பழைய பொருட் சந்தைகளிலும் இசைத்தட்டுச் சேகரிப்புகளிலும் தேடியெடுத்த இருபதுகள், முப்பதுகளின் நடன இசையை அக்காலத்து வாத்திய அமைப்பிலேயே வாசிக்கப் பழகினார்கள். 1992இல் ராபே தானே எழுதிய பாட்டொன்று, தன்னை ஒருவரும் தொலைபேசியில் அழைப்பதில்லை என்று முறையிடுவது, ஜேர்மனி முழுவதும் பிரபலமானது. கேட்கிறவர் அதை 1930இல் எழுதிய பாட்டென்றே நம்பிவிடலாம். இந்த இடத்திலிருந்துதான் கேள்வியும் தொடங்குகிறது. ஒரு காலத்தை இத்தனை துல்லியமாகத் திரும்பச் செய்ய முடியுமென்றால், அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு நடந்ததை எங்கே வைப்பது?

*

இந்த மேடைகளில் ஒலிக்கும் பாட்டுகளை எழுதியவர்கள் யார்?

பிரீட்றிக் ஹொலென்டர். 1930இல் வெளிவந்த ‘நீலத் தேவதை’ படத்தில் மார்லேன டீற்றிச் பாடிய பாட்டுகளுக்கு இசையமைத்தவர். 1933இல் பாரிசுக்கு ஓடி, அங்கிருந்து ஹொலிவூட் போனார்.

வேர்னர் றிச்சாட் ஹைமன். 1931இல் வெளிவந்த ‘காங்கிரஸ் ஆடுகிறது’ படத்துக்கு இசையமைத்தவர். அவருடைய மெட்டுகளுக்குப் பாட்டெழுதிய றொபேட் கில்பேட்டும் அவரும் நாட்டைவிட்டு ஓடியவர்கள். ஹைமன் 1951இல் திரும்பிவந்தார். ஜேர்மன் குடியுரிமை 1957இல்தான் கிடைத்தது. அதற்கு அவர் ஜேர்மன் பண்பாட்டு அறிவுப் பரீட்சை எழுதவேண்டியிருந்தது. நாட்டார் பாட்டொன்று பாடும்படி கேட்டார்களாம். ‘காங்கிரஸ் ஆடுகிறது’ படத்துக்குத் தானே மெட்டமைத்த பாட்டைப் பாடினாராம். வதிவிட அனுமதிக்காக மொழிப் பரீட்சை எழுதிய எங்களில் யாரும் இக்கதையைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்கமுடியாது. சிரித்து முடிந்தபின் தொண்டையில் ஏதோ நிற்பதும் உண்மை.

பிரிட்ஸ் லோனர்-பேடா. அமெரிக்க வாழைப்பழப் பகிடிப் பாட்டொன்றை ஜேர்மன் மொழிக்குக் கொண்டுவந்து நாட்டையே சிரிக்கவைத்தவர். லெஹாரின் ‘புன்னகையின் நாடு’ ஒப்பரெற்றாவின் எழுத்தாளர்களில் ஒருவரும் இவர்தான். அது 1929இல் பேர்லினில் அரங்கேறியது. ஹிட்லருக்கு லெஹாரைப் பிடிக்கும். எனவே லெஹாரின் இசை நாஸி காலத்திலும் மேடையேறியது. யூதர்களான எழுத்தாளர்களின் பெயர்கள் மட்டும் அகற்றப்பட்டன. லோனர்-பேடா 1938இல் வியன்னாவில் கைதானார். டாகாவ், பூகன்வால்ட் முகாம்கள். பூகன்வால்டில் முகாம் கைதிகளுக்கான பாட்டை எழுதியவரும் அவரே. 1942 டிசம்பரில் அவுஷ்விற்ஸ்-மொனோவிற்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். வெளியே அவருடைய காதற் பாட்டை அப்போதும் யாரோ பாடிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

இன்னுமொரு கதை. 1924இல் பேர்லினில் தொடங்கிய வைன்ட்ரவுப் சின்கொபேற்றர்ஸ் என்ற குழு. ஒவ்வொருவரும் பல வாத்தியம் வாசிப்பார்கள். பாட்டின் நடுவில் வாத்தியங்களை மாற்றிக்கொள்வார்கள், கோமாளித்தனம் பண்ணுவார்கள். ஹொலென்டர் சிலகாலம் அவர்களுடைய பியானோக்காரர். ‘நீலத் தேவதை’யில் அவர்களைப் பார்க்கலாம். 1933இல் ஜேர்மனியைவிட்டு வெளியேறியவர்கள் நாடுநாடாக அலைந்தார்கள். ரஷ்யா, யப்பான் என்று போய் 1937இல் அவுஸ்திரேலியாவில் கரையொதுங்கினார்கள். அங்கே வெளிநாட்டு இசைஞருக்கு இடங்கொடுக்க இசைஞர் தொழிற்சங்கம் தயாராயில்லை. 1940இல் சிலர் ‘எதிரி நாட்டார்’ என்று தடுப்புமுகாமில் அடைக்கப்பட்டார்கள். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர்களை ஜேர்மனியர் என்பதற்காக அடைத்தார்கள். குழு சிதறிப்போனது. தலைவர் ஸ்ரெபான் வைன்ட்ரவுப் மெக்கானிக் வேலை செய்து, 1981இல் சிட்னியில் இறந்தார்.

கோப்பை கழுவிய கவிஞர்களையும், தொழிற்சாலையில் நின்ற நாடகக்காரரையும் எங்களுக்குத் தெரியும். “உமக்கு என்ன?” என்ற கேள்விக்கு முதற் பதில் இது. அந்தக் கறுப்புக் கோட்டுக்குள் இருந்த பாட்டு அகதியின் பாட்டு.

*

இரண்டாவது பதில் நான் நிகழ்ச்சி பார்த்த கட்டடம் பற்றியது. பிரீட்றிக் வீதியிலுள்ள அட்மிரால்ஸ்பலாஸ்ற். 1925 மே மாதம் சாம் வுடிங் என்ற கறுப்பு அமெரிக்கரின் இசைக்குழு இங்கே வாசித்தது. அதைக் கேட்க நேர்ந்த பேர்லின் யூதப் பையன் ஒருவனுக்கு அந்த இரவோடு வாழ்க்கை திசைமாறியது. அல்பிரட் லயன் என்ற அவர், நாஸிகளிடமிருந்து தப்பி நியூயோர்க் சென்று 1939இல் தொடங்கிய ‘புளூ நோட்’ இசைத்தட்டு நிறுவனம் ஜாஸ் வரலாற்றின் பெரும்பகுதியைப் பதிந்துவைத்தது. ஓரிரவு இசை கேட்பது வீண்பொழுது என்று சொல்லும் தோழர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஜேர்மனியில் மிஞ்சியதோ 1938இல் டுசெல்டோர்வில் நடந்த ‘சீரழிந்த இசை’ கண்காட்சி. அதன் சுவரொட்டியில் சக்ஸபோன் வாசிக்கும் கறுப்பரொருவரைக் கேலிச்சித்திரமாக வரைந்து, நெஞ்சில் யூத நட்சத்திரத்தைக் குத்தியிருந்தார்கள்.

அட்மிரால்ஸ்பலாஸ்ற் வாசலில் நின்றால் எதிரே பிரீட்றிக் வீதி ரயில்நிலையம். வீதியைக் கடந்தால், மேற்குக்குப் போகிறவர்களை வழியனுப்பியவர்கள் அழுது நின்றதால் ‘கண்ணீர் மாளிகை’ என்று பெயர்பெற்ற எல்லைக் கூடம். எண்பதுகளின் முற்பகுதியில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் கிழக்குப் பேர்லின் விமானநிலையத்தில் இறங்கி, இந்த நிலையத்தில் ரயிலேறி, மேற்குப் பேர்லினில் இறங்கி அகதி விண்ணப்பம் கொடுத்தார்கள். கிழக்கு விசா கேட்கவில்லை. அந்த எல்லையை எல்லையென்று ஏற்காததால் மேற்கு சோதிக்கவில்லை. 1985இல் இலங்கையருக்கும் 1986 ஒக்ரோபரில் மற்றவர்களுக்கும் அந்தக் கதவு அடைபட்டது. நான் 1984இல் வந்தவன். ஒரு பையும், மனப்பாடம் செய்த இரண்டு ஜேர்மன் சொற்களும். பக்கத்தில் ஒரு அரங்கம் இருப்பதே அன்றைக்குத் தெரியாது. 1933இல் இந்த நகரத்திலிருந்து ஓடினார்கள். ஐம்பது வருடங்களின் பின் இதே நகரத்துக்கு நாங்கள் ஓடிவந்தோம்.

*

இனி விமர்சனத்துக்கு வருவோம்.

பழைய காலத்தை உடுத்துவது இன்று பேர்லினில் ஒரு நாகரிகம். ‘பொஹேம் சொவாஜ்’ விருந்துகளுக்கு இருபதுகளின் உடுப்போடுதான் போகவேண்டும். 2017இல் ‘பாபிலோன் பேர்லின்’ தொலைக்காட்சித் தொடர் வந்தபின் இந்த மோகம் உலகப் பிரசித்தமாகிவிட்டது. முத்துமாலை, இறகு வைத்த தலைப்பட்டி, நீண்ட சிகரெட் குழல். 1932இன் தொடக்கத்தில் ஜேர்மனியில் அறுபது இலட்சம் பேர் வேலையற்றிருந்தார்கள். அவர்களுடைய கிழிந்த கோட்டை ஒருவரும் வாடகைக்கு எடுப்பதில்லை. இத்தகைய இரவுகளின் அடிப்படைப் பொய் இதுதான். விளிம்பில் நின்று ஆடிய ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறார்கள், விளிம்பை அகற்றிவிடுகிறார்கள்.

இசை தன்னளவில் விடுதலையானது, ஆதலால் அதைத் திரும்ப வாசிப்பதே எதிர்ப்பு என்ற வாதமும் எனக்கு உடன்பாடில்லை. கோயபல்சின் அமைச்சே ஒரு சுவிங் குழுவை வைத்திருந்தது. ‘சார்லியும் அவரது ஓர்க்கெஸ்ரரும்’ என்ற பெயரில், அமெரிக்க மெட்டுகளுக்கு யூத எதிர்ப்பு வசனம் போட்டு ஆங்கிலத்தில் ஒலிபரப்பினார்கள். நன்றாகவும் வாசித்தார்கள். உள்நாட்டில் அதே இசைக்கு ஆடிய ஹம்பேர்க் இளைஞர்களைப் பிடித்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். ஆகவே சக்ஸபோன் யாரையும் தானாகக் காப்பாற்றுவதில்லை. யார் வாசிக்கிறார்கள், எதை மறைத்து வாசிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இந்த அளவுகோலில் ராபே எங்கே நிற்கிறார்? அவர் பிரசங்கம் செய்வதில்லை. பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைச் சொல்கிறார். அவர்களுக்கு நடந்ததைச் சொல்வதில்லை. இதை நழுவல் என்று சொல்லலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த அசையாத முகம் என்னை யோசிக்க வைத்தது. ‘அந்தக் காலம் இனிமையானது’ என்று சபையோடு சேர்ந்து அவர் உருகுவதில்லை. தானும் இப்பாட்டுக்கு அந்நியன் என்பதுபோல நிற்கிறார். பாட்டுக்கும் பாடுபவருக்கும் இடையில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. பிறெக்ற் கேட்ட தூரப்படுத்தலுக்கு இது அதிக தூரமில்லை. தெரிந்தவருக்கு அந்த வெற்றிடத்தில் ஆட்கள் தென்படுவார்கள். 2010இல் இஸ்ரேலில் இக்குழு பாடியபோது, ஜேர்மனியிலிருந்து பிள்ளைகளாகத் தப்பிய முதியவர்களும் சபையில் இருந்தார்கள். அவர்களுக்கு எந்த விளக்கவுரையும் தேவைப்பட்டிருக்காது.

இங்கேதான் குறையும் இருக்கிறது. தெரிந்தவருக்குத் தெரியும். தெரியாதவர் ஒரு இனிமையான மாலையோடு வீடுபோய்விடலாம். என் பக்கத்து இருக்கைக்காரர் இடைவேளையில் “அப்போதெல்லாம் எவ்வளவு நாகரிகமாக இருந்தார்கள்” என்றார். அந்த வசனத்தைத் தடுக்க அந்த நிகழ்ச்சியில் ஒன்றும் இல்லை. கலைஞரின் குளிர்ந்த பகிடியைச் சபையின் வசதி மெல்ல மெல்லச் சூடாக்கிவிடுகிறது. முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே முகபாவம் வெற்றிபெற்றால் அதுவும் ஒரு சரக்காகிவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்காக ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் ஒரு நிமிட மௌனம் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தத் தெரிந்த அளவுக்கு வேறொன்றும் தெரியாது. லோனர்-பேடா வாழைப்பழத்தைப் பற்றி எழுதியது சனம் சிரிக்கவேண்டும் என்பதற்காக. அந்தப் பாட்டைக் கேட்டுச் சிரிக்காமல் விம்முவது அவரைப் பாடலாசிரியர் நிலையிலிருந்து இறக்கி வெறும் பலியாளாக்குவது. கொலைகாரர்களும் அவரை அப்படித்தான் பார்த்தார்கள். சிரிப்பதும் அவருடைய பெயரை அறிந்திருப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவையல்ல. இரண்டையும் ஒரே இரவில் செய்ய இடமிருக்கிறது.

*

கடைசியாக எங்களைப் பற்றி.

எங்கள் மண்டபங்களிலும் ‘பழைய பாட்டு இரவு’ நடக்கிறது. நித்தி கனகரத்தினத்தின் பகிடிப் பொப் பாட்டுகளுக்கு ஐம்பது, அறுபது வயதுக்காரர் எழுந்து ஆடுகிறார்கள். நானும் ஆடியிருக்கிறேன். அந்தப் பாட்டுகளின் தாளத்தில் பைலா இருக்கிறது, பைலாவுக்குள் போர்த்துக்கேயரும் ஆபிரிக்கரும் சிங்களவரும் இருக்கிறார்கள். அந்தப் பாட்டுகள் ஒலித்த யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் இருந்தார்கள். 1990 ஒக்ரோபரில் அவர்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது எங்களில் மிகப் பெரும்பாலானோர் வாய் திறக்கவில்லை. வெளியேற்றத்தையும் வதைமுகாமையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. அது பிழை. நான் கேட்பது சிறிய கேள்வி. ‘அந்தக் காலம் எவ்வளவு நல்லாயிருந்தது’ என்று மண்டபத்தில் நாங்கள் சொல்லும்போது, அந்தக் காலத்திலிருந்து யார் யாரை அகற்றிவிட்டுச் சொல்கிறோம்? அட்மிரால்ஸ்பலாஸ்றில் என் பக்கத்தில் இருந்த மனிதரைப் பார்த்து முகஞ்சுளித்த எனக்கு, அவருடைய வசனம் என் வாயிலும் இருப்பது ரயிலேறிய பிறகுதான் உறைத்தது.

நண்பர் இன்னும் சமாதானமாகவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு இரண்டு ரிக்கற் எடுக்கச் சொல்லியிருக்கிறார், சண்டைபிடிக்கவாம். எடுப்பேன். வேறு நகரங்களில் இத்தகைய இரவுகளைப் பார்த்தவர்கள், எங்கள் பாட்டு இரவுகளைப் பற்றி மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதினால் இந்த விவாதம் எங்கள் இருவரோடு நின்றுவிடாது.