குரலும் அது எழும் வெளியும்

கொல்லைப்புறம், வேலியோரம், ஏரிக்கரை போன்ற அன்றாட இடங்களில் எழும் இயற்கை ஒலிகளைப் பதிவு செய்வது, அரிய உயிரினத்தைத் தேடிக் காட்டுக்குள் செல்வதைவிட நுண்ணிய செவியை வேண்டும் கலையாகும். பழகிப்போன ஒலிகளைக் காது தானாகவே ஒதுக்கிவிடும். ஒலிவாங்கியோ தையல்சிட்டின் குரலையும் தெருவில் போகும் வண்டியின் உறுமலையும் வேறுபாடின்றி வாங்கிக்கொள்ளும். எதை அணுகுவது, எதை விலக்காமல் விடுவது என்னும் தெளிவே இக்கலையின் உயிர்.

திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்போது ஒலியின் அளவு ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும் என்பதால், பறவை வழக்கமாக அமரும் கிளையின் அருகே ஒலிவாங்கியை வைத்துவிட்டு, பதிவு செய்பவர் விலகிச் சென்று காத்திருப்பது நல்ல முறையாகும். தொலைவிலிருந்து வரும் ஒலியை ஒரு புள்ளியில் குவித்துத் தரும் பரவளையக் கிண்ணமும் பயன்படும் எனினும், தன் விட்டத்தைவிட நீண்ட அலைகளை அதனால் செம்மையாகக் குவிக்க இயலாது. 300 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் ஒரு மீட்டருக்கும் மேற்பட்டது. ஆகவே அரை மீட்டர் அகலமுள்ள கிண்ணம் தையல்சிட்டின் குரலைக் கூர்மையாக்கித் தந்தாலும், செம்போத்தின் ஆழ்ந்த குரலின் கனத்தை நழுவவிடும். அதைவிடப் பெரிய இழப்பு, குரலைச் சூழ்ந்த வெளி மெலிந்துபோவதாகும். இனம் அறிவதற்குத் தனித்த குரல் போதும். சுவைப்பதற்கோ அது எழும் இடமும் உடன் கேட்கவேண்டும்.

இதற்கு இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் உருவான பதிவு சிறந்த சான்றாகும். செலோ கலைஞர் பியாட்ரிஸ் ஹாரிசன் முன்பு வாழ்ந்த அத்தோட்டத்திலிருந்து, 1942 மே 19 அன்று நைட்டிங்கேல் பறவையின் பாடலை ஒலிபரப்ப பி.பி.சி. ஆயத்தமாக இருந்தபோது, ஜெர்மனியின் மான்ஹைம் நகரை நோக்கிச் சென்ற குண்டுவீச்சு விமானங்களின் முழக்கம் வானை நிறைத்தது. பகைவருக்குச் செய்தி எட்டிவிடும் என அஞ்சி நேரடி ஒலிபரப்பு கைவிடப்பட்டாலும், பதிவு மட்டும் தொடர்ந்தது. முழக்கம் வளர்ந்து தேய்ந்து மறையும் வரை பறவை பாடிக்கொண்டே இருக்கிறது. அந்த இரைச்சலை நீக்கியிருந்தால் எஞ்சியிருப்பது எந்த ஆண்டுக்கும் உரிய ஓர் இனிய குரல் மட்டுமே.

தமிழ் மரபுக்கு இந்த நோக்கு புதிதன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்ட தொல்காப்பியம், புள், பறை, யாழ் ஆகியவற்றை அவற்றிற்குரிய கருப்பொருளாக வகுத்தது. பறவையின் குரல் அங்கே தன் நிலத்தையும் பொழுதையும் விட்டுத் தனித்து நிற்பதில்லை. இன்று ஒவ்வொரு பதிவின் முடிவிலும் இடம், நாள், நேரம் ஆகியவற்றைச் சொல்லிவைக்கும் ஒலிப்பதிவாளரின் வழக்கமும் அவ்வகையில் முதற்பொருள் கூறுதலே ஆகும். கார்காலத்து மாலையில் ஏரிக்கரையில் எழும் தவளைகளின் கூட்டொலியில், நீரின் பரப்பும், மழை ஓய்ந்த காற்றும், அக்கரையிலிருந்து வரும் மறுகுரலின் தொலைவும் சேர்ந்து கேட்குமானால், அப்பதிவு ஓர் உயிரினத்தின் அடையாளமாக மட்டும் நில்லாமல், ஒரு திணையாகவே செவிக்குள் விரியும்.