சுரக்குடிக்கு வராத சங்கர்லால்

தமிழ்வாணன் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும்தான். எழுத்தைப் பற்றிக் கேட்டால், 'அதெல்லாம் சின்ன வயசுல படிச்சது' என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சின்ன வயதில் படித்தது என்பதாலேயே அதைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்கணும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1926இல் தேவகோட்டையில் பிறந்தவர். 1948இல் தொடங்கிய 'கல்கண்டு' இதழோடு 1977இல் இறக்கும்வரை அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. துணுக்கு, கேள்வி பதில், தொடர்கதை, கூடவே 'துணிவே துணை' என்ற முழக்கம். சங்கர்லால் என்ற துப்பறிவாளர் அவர் பேனாவில் பிறந்தவர். தேநீர்ப் பிரியர். மனைவி இந்திரா, வேலையாள் மாது. ஜெனிவா, பெர்லின் என்று ஊர் ஊராகப் போவார்.

சுரக்குடியில் சித்தப்பா வீட்டுப் பரணில் பைண்டு செய்து வைத்திருந்த தொகுப்புகளில்தான் நான் அவரைப் படித்தேன். காரைக்காலைத் தாண்டிப் போகாத பையனுக்கு அது பெரிய திறப்பு. அந்த நடையின் பலம் இன்றும் தெரிகிறது. சின்னச் சின்ன வாக்கியங்கள், நல்ல தமிழ். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனும் மூச்சு வாங்காமல் ஓடலாம். தமிழில் படிக்கும் பழக்கத்தை ஒரு தலைமுறைக்கு உண்டாக்கிய எழுத்து அது. இலக்கியமா இல்லையா என்ற சண்டையில் இந்தக் கணக்கை நாம் மறந்துவிடுகிறோம்.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது.

எனக்குப் பதினோரு வயது. வயலில் மோட்டார் கொட்டகையில் காப்பர் வயர் காணாமல் போனது. எங்களிடம் வேலை பார்த்த அண்ணனை எல்லாரும் சுற்றி நின்று கேட்டார்கள். ஒரு அறையும் விழுந்தது. அன்று சாயங்காலம் முழுக்க அவர் என்னோடு வாய்க்காலில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும். நான் வாயே திறக்கவில்லை. பெரியவர்கள் பேசும்போது நான் எப்படி? அவரும் என்னைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. மறுவாரம் வேலையை விட்டுப் போய்விட்டார்.

என் கோழைத்தனத்துக்குத் தமிழ்வாணனைக் குற்றவாளியாக்கக் கூடாது. ஆனாலும் நான் படித்த கதைகளில் உண்மையைச் சொல்கிறவர் எப்போதும் ஒரு பெரிய மனிதர். வெளியூரிலிருந்து வருவார், எல்லாம் தெரிந்தவர். நாம் வாய் பிளந்து பார்க்கணும், அவ்வளவுதான்.

ஸ்வீடனில் 1946இல் அஸ்த்ரித் லிண்ட்கிரன் காலே புளூம்குவிஸ்ட் என்ற பையனை எழுதினார். சின்ன ஊர், மளிகைக்கடைக்காரர் மகன், வயது பதின்மூன்று. தன்னைப் பெரிய துப்பறிவாளனாகக் கற்பனை செய்துகொள்வான். அந்தக் கற்பனையைப் பார்த்து லிண்ட்கிரனே சிரிப்பார். ஆனால் அவன் கண்ணால் பார்த்ததைச் சிரித்துத் தள்ளமாட்டார். பெரியவர்கள் கவனிக்காததை அவன் கவனிப்பான், கதை அதற்கு மதிப்புக் கொடுக்கும்.

தமிழிலும் சிறுவர்கள் துப்பறியும் கதைகள் உண்டு. என் பரணில் அவை இருக்கவில்லை. சங்கர்லால்தான் இருந்தார்.

துப்பறியும் கதை ஒரு குழந்தைக்குத் தரக்கூடிய பெரிய பரிசு புதிர் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். 'நான் பார்த்தேன்' என்று சபையில் சொல்லும் தைரியம்தான் அது. 'துணிவே துணை' என்று வாராவாரம் சொன்னவர், அந்தத் துணிவைத் தன் நாயகனிடமே வைத்துக்கொண்டார்.

சங்கர்லால் ஜெனிவாவுக்குப் போனார். சுரக்குடிக்கு வரவில்லை. வந்திருக்கவும் வேண்டாம். அங்கே ஒரு சாட்சி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான்.