நேர்க்கூற்றும் அயற்கூற்றும்: பாடநூல் வாய்பாடு குறித்த ஒரு மதிப்பீடு

இந்தியப் பள்ளிகளில் ஆங்கில இலக்கணம் கற்பிக்கப்படும் முறையில், நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சிக்குத் தனியிடம் உண்டு. ரென், மார்ட்டின் ஆகிய இருவரால் எழுதப்பெற்று 1930களில் வெளிவந்து, பின்னர் என்.டி.வி. பிரசாத ராவ் அவர்களால் திருத்தப்பெற்று, இன்றும் வழக்கிலுள்ள இலக்கண நூல் இப்பயிற்சி வேரூன்றத் துணைநின்றது. காலம் ஒரு படி பின்னகர வேண்டும். ‘ஹியர்’ என்பது ‘தேர்’ ஆகவும், ‘டுமாரோ’ என்பது ‘த நெக்ஸ்ட் டே’ ஆகவும் மாற வேண்டும் என்பன மாணவர் மனப்பாடம் செய்யும் விதிகள். இவ்விதிகள் ஆங்கிலத்தின் இயல்பை உள்ளவாறு உணர்த்துகின்றனவா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. காலப் பின்னகர்வு

‘ஐ லிவ் இன் மைசூர்’ என்று ஒருவர் கூறியதை ‘ஹி செட் தட் ஹி லிவ்டு இன் மைசூர்’ என்று மாற்றினால் முழு மதிப்பெண் கிடைக்கும். ‘ஹி செட் தட் ஹி லிவ்ஸ் இன் மைசூர்’ என எழுதிய மாணவரின் விடை பெரும்பாலும் அடிக்கப்படும். ஆனால் அவர் இன்றும் மைசூரில் வாழ்பவராயின் இரண்டாவது தொடரும் செம்மையான ஆங்கிலமே. கூற்றின் பொருள் எடுத்துரைக்கும் நேரத்திலும் பொருந்துமாயின் காலப் பின்னகர்வு கட்டாயமன்று என்பதை, குவிர்க் முதலிய நால்வர் 1985இல் வெளியிட்ட விரிவான ஆங்கில இலக்கணம் தெளிவாக்குகிறது. மேற்குறித்த பாடநூலின் திருத்தப் பதிப்பும் இவ்விலக்கை அறியாததன்று. ஆயினும் நூலிலுள்ள விலக்கு வகுப்பறையில் மங்கி, அட்டவணை மட்டுமே எஞ்சுகிறது. ‘உலகப் பொது உண்மை’ ஒன்றே விலக்கு எனக் கற்ற மாணவர், மைசூரில் வாழ்தல் அத்தகைய உண்மையன்று எனக் கருதிக் காலத்தை மாற்றிவிடுகிறார்.

2. சுட்டுச்சொற்கள்

வாய்பாட்டின் குறை சுட்டுச்சொற்களில் இன்னும் தெளிவாகப் புலப்படும். திங்களன்று ஒருவர், ‘ஐ வில் கம் ஹியர் டுமாரோ’ என்று கூறியதாகக் கொள்வோம். அதே நாளில், அதே இடத்தில் அதனை எடுத்துரைப்பவர் ‘ஹியர் டுமாரோ’ என்றே கூறுவார். செவ்வாயன்று அங்கிருந்தே கூறுபவர் ‘ஹியர் டுடே’ என்பார். புதனன்று கூறுபவர் ‘ஹியர் எஸ்டர்டே’ என்பார். சில வாரங்கள் கழித்து வேறோர் ஊரிலிருந்து கூறுபவருக்கே ‘தேர் த நெக்ஸ்ட் டே’ பொருந்தும். நான்கும் பிழையற்றவை. தேர்வுத்தாள் ஏற்பதோ நான்காவதை மட்டுமே. எடுத்துரைப்பவர் எங்கே, எப்போது நிற்கிறார் என்பதை வினா சொல்லாமல் விட்டுவிட்டு, விடை ஒன்றே என வற்புறுத்துவது முறையாகாது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? அயற்கூற்று என்பது ஒரு தொடரின் உருமாற்றம் அன்று. பிறர் கூற்றைத் தம் நிலையிலிருந்து எடுத்துரைப்பவரின் புதிய கூற்று. இடம், காலம், சுட்டு ஆகிய அனைத்தும் எடுத்துரைப்பவரை மையமாகக் கொண்டே அமைகின்றன. யெஸ்பெர்சன் 1924இல் வெளியிட்ட ‘இலக்கணத்தின் மெய்யியல்’ என்னும் நூலில், அயற்கூற்றில் இடமும் காலமும் பெயர்வதை விரிவாக ஆராய்ந்துள்ளார். அவ்வாய்வு பாடநூலுக்கு வரும்போது காரணம் உதிர்ந்து சொற்பட்டியல் மட்டும் தங்கிவிட்டது.

3. மீள்மாற்றம்

அயற்கூற்றை மீண்டும் நேர்க்கூற்றாக்கும் பயிற்சி இதனினும் இடர்ப்பாடுடையது. ‘ஹி செட் தட் ஹி ஹேட் சீன் த ஃபிலிம்’ என்னும் தொடரின் மூலம் ‘ஐ சா’ ஆகலாம். ‘ஐ ஹேவ் சீன்’ ஆகலாம். ‘ஐ ஹேட் சீன்’ எனவும் ஆகலாம். உள்ளிருக்கும் ‘ஹி’ வேறொருவரைக் குறிக்கவும் கூடும். மூன்று காலவடிவங்கள் ஒன்றில் அடங்கிய பின்னர், அவற்றுள் எது மூலம் என்பதைத் தொடரே காட்டாது. இருவழியும் செல்லும் மாற்றம் என்னும் கருத்து இவ்விடத்தில் முற்றிலும் தளர்கிறது.

4. தமிழ் மாணவர் நிலை

தமிழில் காலப் பின்னகர்வு இல்லை. ‘நான் மைசூரில் இருக்கிறேன்’ என்று கண்ணன் கூறியதை, ‘தான் மைசூரில் இருப்பதாகக் கண்ணன் சொன்னான்’ என்கிறோம். ‘இருந்ததாகச் சொன்னான்’ என்றால் அவன் முன்னர் அங்கிருந்தான் எனப் பொருள் வேறுபடும். இந்தியிலும் ‘கி’ என்னும் இணைப்புச்சொல்லை அடுத்து, மூலக் கூற்றின் காலமும் பலவேளைகளில் தன்மை இடமுங்கூட மாறாது நிற்கின்றன. ஆகவே ‘ஹி செட் தட் ஹி இஸ் இன் மைசூர்’ என்று எழுதும் இந்திய மாணவர் கவனக்குறைவால் எழுதுவதில்லை. தம் மொழியின் ஒழுங்கைப் பின்பற்றியே எழுதுகிறார். அவ்வொழுங்கிற்கும் ஆங்கில ஒழுங்கிற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதே ஆசிரியர் கடமை. சிவப்புக் கோடு அவ்வேறுபாட்டை விளக்காது.

மேலும், பேச்சுத்தமிழில் ‘தான் வருவேன்னு சொன்னான்’ என்னும் வழக்கு உண்டு. இதில் ‘தான்’ எடுத்துரைப்பவர் நோக்கில் அமைய, ‘வருவேன்’ என்பதன் விகுதி மூலக் கூற்றினர் நோக்கில் அமைகிறது. ஒரே தொடரில் இருவர் நோக்கும் நிற்பதால், இதனை நேர்க்கூற்று என்றோ அயற்கூற்று என்றோ முற்றாக வகுத்துவிட இயலாது. தொல்காப்பியமும் நன்னூலும் ‘என’ என்பதை இடைச்சொல்லாக வைத்து அதன் பொருள்களைக் கூறுகின்றனவேயன்றி, ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வாய்பாடு எதனையும் வகுக்கவில்லை. இன்றைய தமிழ்ப் பாடநூல்களிலோ ‘இன்று’ என்பது ‘அன்று’ ஆகும், ‘நாளை’ என்பது ‘மறுநாள்’ ஆகும் என்னும் அட்டவணைகள் காணப்படுகின்றன. ஆங்கிலப் பயிற்சியின் சாயல் இவற்றில் வெளிப்படை. ஆங்கிலத்திற்கே பொருந்தாத இறுக்கத்தைத் தமிழிலும் ஏற்றுவது தேவையற்றது.

5. முடிவு

தொடக்கநிலை மாணவருக்கு எளிய விதி வேண்டும் என்னும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. நெடுநாள் முன்னர், பிறிதோரிடத்தில் நிகழ்ந்த உரையாடலைக் கதையாகச் சொல்லும்போது அட்டவணை பெரும்பாலும் பொருந்தும். அந்த ஒரு சூழலுக்குரிய விதியை எல்லாச் சூழலுக்கும் உரியதாக்கியதே பிழை. ஒவ்வொரு வினாவிலும் ‘யார், யாரிடம், எப்போது, எங்கிருந்து எடுத்துரைக்கிறார்’ என்னும் குறிப்பு ஒருவரியில் இடம்பெறுமாயின் இவ்விடர்ப்பாடு பெருமளவு நீங்கும். குறிப்பு இல்லாதவிடத்துப் பொருந்தும் விடைகள் அனைத்திற்கும் மதிப்பெண் வழங்குதல் வேண்டும். சரியான ஆங்கிலத்தை எழுதிய மாணவர், அது தவறு என்று கற்றுக்கொண்டு வகுப்பறையை விட்டு வெளியேறும் நிலை இனியேனும் மாறுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபாகும்.