3 மதிப்பெண் பாட்டு

1974 ஏப்ரல் 6-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்குப் போர்ச்சுகல் அனுப்பிய பாட்டு, ‘விடைபெற்ற பிறகு’ என்று பொருள்படும் பெயர் கொண்டது. காதல் முறிந்த ஒருவனின் புலம்பல். பாடியவர் பாவுலோ டி கார்வாலோ. 3 மதிப்பெண் பெற்று, கடைசி இடத்தில் நின்ற நால்வரில் ஒருவரானார்.

ஏப்ரல் 24 இரவு லிஸ்பன் வானொலியில் அதே பாட்டு ஒலித்தது. தயாராகுங்கள் என்று புரட்சி ராணுவத்தினருக்கு அதுதான் முதல் அடையாளம். மறுநாள் 48 வருஷச் சர்வாதிகாரம் சரிந்தது.

அதற்காக நடுவர்கள் தவறிவிட்டார்கள் என்பேனா? மாட்டேன். அரசியல் வாடையே இல்லாத பாட்டு, சந்தேகத்துக்கு இடம் தராது என்றுதானே அதைத் தேர்ந்தெடுத்தார்கள்! ஊரைக் கூட்டிய மணியோசை நாதஸ்வரமாகிவிடாது. ஆனால் இவ்வளவும் தெரிந்த பிறகு, அதை வெறும் பாட்டாகக் கேட்க என்னால் முடியவில்லை. விமர்சகனுக்கு அது தோல்விதான், ஒப்புக்கொள்கிறேன்.